சோடியம் இறங்கிய நாள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறவள் நான். அயனிப் பிணைப்பு என்றாலே சோடியத்தில்தான் தொடங்குவேன். வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதை வைத்துக்கொண்டு சோடியம் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. குளோரினுக்கோ ஏழு இருந்தும் ஒன்று குறைகிறது. இது கொடுக்க, அது வாங்க, ஒன்று நேர்மின் அயனியாகவும் மற்றது எதிர்மின் அயனியாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அதுதான் உப்பு. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததே தவிர, சோடியத்தை நினைத்து நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

என் கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். இவர் எதையும் பாதியில் விடுகிற ஆளா? அடியோடு நிறுத்திவிட்டார். மே மாத வெயிலில் ஷிஃப்டில் எல்லாரும் உப்புப் போட்ட மோர் குடிக்க, இவர் மட்டும் கேன் கேனாகப் பச்சைத்தண்ணீர். கேட்டால், "ஒடம்ப கழுவுதுன்னு நெனச்சிக்க" என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வரவேண்டியவரை, அடுத்த தெருக்காரர் தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து அழைத்துவந்தார்.

"எங்க வூட்டுக்குள்ள வந்து உக்காந்துகினு டீ கேக்கறாருங்க. தூக்கக் கலக்கம் போல."

நாங்கள் இருவரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. சுரங்கக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. கேட் மாறிப் போகாதவர் இந்த ஊரில் யார்? நானே ஒருமுறை காய்கறிப் பையோடு பக்கத்து வீட்டுச் சமையலறை வரை போயிருக்கிறேன். வேறு ஊராக இருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மதியம் சாப்பிட எழுப்பினால் வாய் குழறியது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விரல்கள் தடவின. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்; வழியிலேயே அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "சோடியம் ரொம்ப இறங்கிடுச்சும்மா. உப்பே இல்லாம தண்ணியா குடிச்சிருக்காரு. அந்த மாத்திரையும் உப்ப வெளிய தள்ளும்."

எனக்கா சோடியத்தைப் பற்றிச் சொல்கிறார்? முதலில் கோபம்தான் வந்தது. "அப்போ உப்ப ஏத்துங்க டாக்டர், சீக்கிரம் ஏத்துங்க" என்று கத்தினேன்.

"வேகமா ஏத்தினா மூளை தாங்காதும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். பழையபடி நினைவு வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

பாட்டிலிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நீருக்குள் சோடியம் தனி, குளோரின் தனி. தண்ணீரில் கரைந்தால் அயனிகள் பிரிந்துவிடும் என்று பாடம் நடத்துகிறவளும் நான்தான். கொடுத்த எலக்ட்ரானைச் சோடியம் திரும்பக் கேட்பதில்லை. அது இல்லாமலேதான் உடம்பெல்லாம் அலைந்து, நரம்புகளில் சேதியை ஓடவைக்கிறது. அது வற்றிப்போன தலைக்குள் நான் இருக்கிறேனா, இல்லையா? வீட்டில் ஒரு ஜாடி நிறைய உப்பு இருக்கிறது. ஒரு பிடி அள்ளிவந்து அவர் வாயில் திணித்துவிடலாமா என்று வெறி வந்தது. கும்பிடாத சாமி இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் கண் திறந்தார். பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, நான்தாங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அறியாத பெண் தொட்டால் கூச்சப்படுகிறவரைப் போல, மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

"எங்க வூட்ல சொல்லிட்டீங்களாம்மா? ஷிஃப்ட் முடிஞ்சி இன்னும் வரலயேன்னு வாசலயே பாத்துகினு இருப்பா."

"சொல்லிட்டேங்க" என்றேன். "வந்துகினு இருக்காங்க."