எனக்கும் தெரியாதும்மா

பழுப்பு நிறச் சீசாக்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. லேபிளில் மருந்தின் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். குழந்தை மருத்துவம் படித்த காலத்தை எண்ணும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவைதான். பாதிச் சீசாக்களில் மருந்து இருந்தது. மீதியில் அதே நிறமும் சுவையும் கொண்ட வெறும் இனிப்பு நீர். எதில் எது என்பது மருந்தகப் பொறுப்பாளர் ஒருவருக்குத்தான் தெரியும். கொடுத்த எங்களுக்கும் தெரியாது, வாங்கிப் போன தாய்மார்களுக்கும் தெரியாது.

அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் எனக்கு ஒரு வருடம் சீனியர். கல்லூரி வழக்கப்படி அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீடு அபிராமபுரம். மயிலாப்பூரை ஒட்டியிருந்த எங்கள் மருத்துவமனையில், வார்டு வேலையோடு ஆராய்ச்சியும் பழக விரும்பிய இளம் மருத்துவர்களுக்கு வாரத்தில் சில மதியங்களை ஒதுக்கித் தந்தார்கள். டெங்கு சீசன் வந்துவிட்டால் மதியமாவது, ஒதுக்கீடாவது. கிடைத்த மதியங்களிலும் எங்களில் பலர் தூங்கினோம். அக்கா புறநோயாளிகள் பகுதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சளி பிடித்தாலே மூச்சிளைப்பும் வந்துவிடுகிற குழந்தைகளின் அம்மாக்களிடம் பேசிக்கொண்டிருப்பார். வழக்கமான வைத்தியம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அதோடு இந்தச் சொட்டு மருந்தையும் கொடுத்தால் இளைப்பு குறையுமா என்பதுதான் அவருடைய கேள்வி. பாதிச் சீசாக்களில் மருந்து இல்லை என்பதைச் சொல்லித்தான் சேர்த்துக்கொள்வார். மருந்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. நகரத்தில் பலரும் அதை நம்பி எழுதிக்கொடுத்தார்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா தன் மூன்று வயது மகளை இதில் சேர்த்திருந்தார். முதல் சில மாதங்கள் குழந்தைக்கு ஒன்றுமில்லை. தனக்கு நல்ல சீசாதான் கிடைத்திருக்கிறது என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மழைக்காலம் தொடங்கியதும் ஒரு காலையில் உதடு நீலம் பாரித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். மூச்சு ஒருவழியாகச் சீரானதும் வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா டாக்டரம்மா, என் புள்ளைக்குத் தண்ணி சீசாவக் குடுத்துட்டல்ல? மருந்து கீற சீசாவா மாத்திக் குடு. உன் கால்ல வுழறேன்."

"எனக்கும் தெரியாதும்மா," என்றார் அக்கா. "சத்தியமா தெரியாது. எந்த சீசாவா இருந்தாலும் இப்ப குடுக்கிற வைத்தியம் இதேதான். உங்களுக்கு வேணாம்னு தோணிச்சுன்னா இப்பவே விலகிக்கலாம். பாப்பாவ நான் பாக்கறதுல ஒண்ணும் குறையாது."

ஆராய்ச்சிக்கு ஒவ்வொரு குழந்தையும் தேவைப்பட்ட நேரம் அது. கொஞ்சம் சமாதானம் சொல்லி அந்த அம்மாவைத் தக்கவைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா விலகல் படிவத்தை எடுத்து நீட்டினார். அந்த அம்மா விலகிக்கொண்டார். அன்று மாலைவரை அக்கா குழந்தையின் கட்டிலருகே இருந்ததைப் பார்த்த எங்கள் துறைத் தலைவர், "இப்ப நீ டாக்டர் மட்டும்தான். ஆராய்ச்சிய மறந்துடு," என்றார். "ரெண்டுல ஒண்ணக் கழட்டி வைக்கத் தெரியல சார்," என்றார் அக்கா. அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. களைப்பு இருந்தது. குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனது.

ஆராய்ச்சி முடிந்து எண்களுக்கான விவரத்தைத் திறந்து பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து குடித்த குழந்தைகளுக்கும் இளைத்தது, இனிப்பு நீர் குடித்தவர்களுக்கும் இளைத்தது. கேன்டீனில் ஒருவர் அக்காவுக்கு இரங்கல் சொல்வதுபோல, "இத்தனை பாடுபட்டும் ஒண்ணும் வரலியே," என்றார். "ஒண்ணும் இல்லைங்கறது தெரிஞ்சுதே," என்றார் அக்கா. பிறகு கலந்துகொண்ட எல்லாக் குடும்பங்களையும் நேரில் பார்த்து முடிவைச் சொல்லக் கிளம்பினார். விலகிப்போனவர்களையும் விடவில்லை. பட்டினப்பாக்கத்துக்கு நானும் கூடப் போனேன்.

கடலோரச் சாலையில் குடை நிழலில் அந்த அம்மா வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்று பன் தின்றுகொண்டிருந்தாள். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்: "உங்க பாப்பாவுக்குக் குடுத்தது மருந்து சீசாதாம்மா. தண்ணி இல்ல."

கத்தி நின்றது. "மருந்தக் குடிச்சுமா அப்டி இளுத்துச்சு?"

"ஆமாம்மா. அந்த மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்பதான் தெரியுது."

"அப்ப மத்த புள்ளைங்களுக்கு இனிமே குடுக்க மாட்டீங்கல்ல?"

"எங்க ஆஸ்பத்திரில நிறுத்தியாச்சு."

"இத்தச் சொல்லவா வெயில்ல வந்த?" என்றார் அந்த அம்மா. திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. மீண்டும் நறுக்கத் தொடங்கினார்.

நான் அடையாற்றில் கிளினிக் வைத்துவிட்டேன். அக்கா அதே மருத்துவமனையில் இளம் மருத்துவர்களுக்கு வார்டையும் ஆராய்ச்சியையும் சேர்த்துப் பழக்குகிறார். முடிவை வீடு தேடிப் போய்ச் சொல்வதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்துவிட்டது. "வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாதா மேம்?" என்று வருடம் தவறாமல் யாராவது கேட்கிறார்களாம். பட்டினப்பாக்கத்துப் பெண்ணுக்கு வளர வளர இளைப்பு தானாகவே நின்றுபோனது. பல குழந்தைகளுக்கு அப்படித்தான் நிற்கும். அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் அக்காவின் மாணவி ஒருத்தி வேறோர் ஆராய்ச்சிக்காக மீன் விற்கும் அந்த அம்மாவின் தெருவுக்குப் போயிருக்கிறாள். அவருக்கு இப்போது ஒரு பேரன். மாணவி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க புள்ளைக்கு வேணாம் கண்ணு," என்று சொல்லிவிட்டாராம். பிறகு அவளைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போய், அங்கிருந்த இளம் தாயிடம் சொன்னாராம்:

"இன்னா வேணா கேளு, பதில் சொல்வாங்க. தெரியலன்னா தெரியலம்பாங்க. சேக்கறதும் சேக்காததும் உன் இஷ்டம்."