அம்புரோஸ் ராணிக்கு நகம் முளைத்த கதை

வருடத்தில் பதினோரு மாதம் அம்புரோஸுக்கு மீசை இருக்கும். இராயபுரத்து மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றிய மறுநாள் அதை வழித்துவிடுவான். அன்றிலிருந்து தேர் சுற்றி முடிகிறவரை தெருவில் எவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இன்னா ராணிம்மா, டூட்டிக்கா?" என்பார்கள். அவனும் சாப்பாட்டுத் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு ராணி எப்படித் தலையசைப்பாளோ அப்படி அசைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போவான்.

திருவிழா நாடகத்தில் பெண்கள் மேடையேறினால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று கமிட்டி நம்பியது. சேலை கட்டிய அம்புரோஸைப் பார்த்து எவனுக்கும் ஒழுக்கம் கெடாது என்பதில் கமிட்டிக்குச் சந்தேகமே கிடையாது. அம்புரோஸுக்கு அதில் மட்டும் சின்ன மனத்தாங்கல்.

மற்றபடி அவனுக்குப் பிடித்த வேலைகள் இரண்டு. ஒன்று ராணி வேடம். இன்னொன்று சிக்னல். கப்பல் தளத்தில், சரக்கறையின் விளிம்பில் நின்றுகொண்டு, பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டும் ராசையாவுக்குக் கையால் சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் வாய் எதற்கும் உதவாது. உள்ளங்கையை மேலே காட்டி விரல்களை ஆட்டினால் தூக்கு. கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு, துறைமுகப் பேச்சில் 'ஆரியா'. முஷ்டியை மூடினால் நில். அம்புரோஸின் கையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் ராசையா பார்ப்பதில்லை. பெண்டாட்டி கூப்பிட்டால்கூட அவள் கையைத்தான் முதலில் பார்ப்பான் என்று பேச்சு.

போன வருடம் ராணிக்குச் சோதனை வந்தது இந்தக் கையால்தான். நாடகத்தில், விசுவாசத்துக்காக வெட்டுப்பட்டுச் செத்த வேதசாட்சியைச் சபிக்க ராணி வலது கையை உயர்த்தினாள். அதன்மேல் ஃபோகஸ் லைட் விழுந்தது. இரும்புக் கயிறு கடித்து, கிரீஸ் ஊறி, ஒன்று கறுத்து, ஒன்று பிளந்து, ஒன்று பாதியிலேயே நின்றுபோன நகங்கள் பளிச்சென்று தெரிந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"ராணிம்மா, எந்தக் கப்பல்ல கரி வாரிகினு வர்றே?"

மைதானமே சிரித்தது. கழுத்து வெட்டுப்பட்டுக் கிடந்த வேதசாட்சியின் வயிறும் குலுங்கியது. மிச்ச நாடகம் முழுக்க ராணி கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அந்த வேதசாட்சி ஸ்டானிஸ்லாஸ் வாத்தியார். நாடகத்தை எழுதுவது, நடத்துவது, அதில் சாவது மூன்றும் அவரே. சாவதற்கு முன் கால் மணி நேரம் பேசுவார். இந்த வருடம் ஒத்திகையின்போது அம்புரோஸைத் தனியே கூப்பிட்டார்.

"அம்புரோசு, உன் குரலுக்கு இன்னா குறை? நடைக்கு இன்னா குறை? கைதான்டா பேஜாரா கீது. தவசிமுத்துவ ரெடியா இருக்கச் சொல்லிக்கீறேன். சனிக்கெயம சாயங்காலம் நாடகத்துக்கு முன்னால உன் கையப் பாப்பேன். ராணி கையா இருந்தா நீ. இல்லாங்காட்டி அவன்."

தவசிமுத்து கொருக்குப்பேட்டைப் பையன். யானைக்கவுனி ஜவுளிக்கடையில் பெண்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிற உத்தியோகம். விரல்கள் பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி இருக்கும். அம்புரோஸ் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை.

"இன்னாய்யா, பேயறஞ்ச மாதிரி குந்திகினு கீறே?" என்றாள் அவன் மனைவி ரோசி.

"ராணி போய்ட்டா, ரோசி."

ரோசி விஷயத்தைக் கேட்டாள். அவன் கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் கையை அவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. "கலீஜாத்தான் கீது" என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு, "போனா போவுதுன்னு உடச் சொல்றியா? மீசைய வயிச்சுட்டு வேசம் இல்லாம நீ தெருவுல நடந்தா, பாக்கறவளுங்களுக்கு நானில்ல பதில் சொல்லணும்!" என்றாள்.

மறுநாள் காத்தூன் பீவி வந்தாள். கப்பல்காரர்கள் கொண்டுவரும் ஃபாரின் சாமான்களைத் துணி மூட்டையில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவள். மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே வரிசையாக நகங்கள். விரல் இல்லாமல் வெறும் நகங்கள். ரோசி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பயப்படாதே புள்ள, பிளாஸ்டிக்கு. சீமையில துரைசானிங்க காலைல ஒட்டிக்கினு ராவுல கயட்டி வெச்சிருவாங்களாம்."

"எப்பிடி ஒட்றது?"

"அத்த நான் கண்டேனா? பின்னால படம் போட்டுக்கீது பாரு."

எழுத்து எந்த ஊர் எழுத்தோ தெரியவில்லை. படம் நான்கு இருந்தன: கையைக் கழுவுகிறாள், நகத்தைத் தேய்க்கிறாள், பசை வைக்கிறாள், அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் ரோசி வாங்கினாள்.

சனிக்கிழமை காலை அம்புரோஸ் லீவு போட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். முதல் படம் கை கழுவுவது. படத்துப் பெண்ணுக்குச் சோப்பு போதும். அவள் கப்பலில் வேலை செய்தவள் அல்ல. ரோசி முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள், பிறகு சோப்பு, பிறகு எலுமிச்சை மூடி, மறுபடி சோப்பு. இரண்டாவது படத்துக்கு உப்புத்தாள். நகத்தின் பளபளப்புப் போகிற அளவுக்கு லேசாகத் தேய்த்தால்தான் பசை பிடிக்கும் என்று அவளுக்கே தோன்றியது. "கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கசொல்லோ இப்பிடித்தான் சுரண்டுவானுங்க" என்று அம்புரோஸும் ஆமோதித்தான்.

மூன்றாவது படத்தில் சனியன் வந்தது. பெட்டியில் இருந்த பசை கல்லாகிவிட்டிருந்தது. ரோசி சோற்றுப் பசையை வைத்துப் பார்த்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து விரலில் உட்கார்ந்தது. கடைசியில் சைக்கிள் கடை சௌக்கத் அலியிடம் ஓடி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஒரு ட்யூப் வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்டவரிடம், "ராணிக்குப் பஞ்சரு" என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் சிரிக்காமல் வழி சொன்னார்: "ட்யூபுலயும் தடவு, பேட்சுலயும் தடவு. ஒடனே ஒட்டாதே, தங்கச்சி. ரெண்டும் காஞ்சு, தொட்டா விரல்ல பிசுக்குன்னு இருக்கணும். அப்ப வெச்சு அமுக்கு. அடுப்பாண்ட மட்டும் கொண்டுபோவாதே."

இரண்டு பக்கமும் தடவி, காயும் வரை ஊதினார்கள். இன்னொரு தொல்லையும் இருந்தது. நகங்கள் ஒல்லி விரல்களுக்குச் செய்தவை. அம்புரோஸின் விரல்களோ அவித்த மரவள்ளிக்கிழங்கு. ரோசி ஒவ்வொன்றையும் வெந்நீரில் போட்டு இளக்கி, கட்டை விரலால் அழுத்தி அகலமாக்கினாள். ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து, எந்த நகம் எந்த விரலுக்கு என்று முன்கூட்டியே பாயில் வரிசை வைத்தாள். அம்புரோஸின் கட்டை விரல்களுக்கு மட்டும் எதுவும் பற்றவில்லை. அவற்றுக்குப் பாலிஷ் பூசினால் போதும் என்று விட்டுவிட்டாள்.

முதல் நகம் வலது ஆட்காட்டி விரலில் உட்கார்ந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அம்புரோஸுக்கு அங்கேதான் தொழில் புத்தி வந்தது. துறைமுகத்தில் எந்தக் கயிற்றையும் பாரம் ஏற்றிச் சோதிக்காமல் நம்ப மாட்டார்கள்.

"லோடு பாக்கலாமா?" என்றான்.

அவள் வேண்டாம் என்பதற்குள் தண்ணீர் வாளியின் பிடியை அந்த நகத்தில் மாட்டித் தூக்கிவிட்டான். நகம் ஜன்னல் வழியாகப் பறந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஓடிவந்து கொத்திப் பார்த்து, பிடிக்காமல் சாக்கடையில் தள்ளிவிட்டது.

"அறிவு கீதா ஒனக்கு? ராணி இன்னா வாளி தூக்கவா போறா?"

நல்லவேளை, பெட்டியில் உபரி இருந்தது. மத்தியானத்துக்குள் கட்டை விரல்கள் நீங்கலாக எல்லா விரல்களிலும் நகம் முளைத்துவிட்டது. மேலே சிவப்புப் பாலிஷ் இரண்டு பூச்சு. அதற்குப் பிறகு அம்புரோஸால் பொத்தான் போட முடியவில்லை, மூக்கைச் சொறிய முடியவில்லை, பீடி பற்றவைக்க முடியவில்லை. ரோசி சோறு ஊட்டினாள். எதிர்வீட்டு சிலுவையம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எங்கூட்டுக்காரருக்கும் ஒரு செட்டு ஒட்டி உடேன், கை ஓங்காம இருப்பாரு" என்றாள்.

சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் வாத்தியார் ஒட்டுத் தாடியோடு வந்து கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "சரி" என்றார். "ஆனா இது இன்னிக்குத்தான். மேடையில ஜனம் சிரிச்சா, அடுத்த வருசம் தவசிமுத்து. அப்புறம் எங்கிட்ட வந்து பேசப்படாது." தவசிமுத்து வேடமில்லாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, வெண்டைக்காய் விரல்களை மடியில் கோத்துக்கொண்டான்.

கழுத்தை வெட்டும் சேவகன் வேடம் இந்த வருடம் ராசையாவுக்கு. உடம்பு வாட்டசாட்டமாக இருக்கிறதே என்று போட்டுவிட்டார்கள். கத்தி மரக்கத்திதான், ஆனால் கப்பலில் சரக்குக்கு அடியில் போடும் பலகையில் செய்து வெள்ளித்தாள் சுற்றியது. விழுந்தால் வேதசாட்சி நாடகத்தை முடிக்காமலேயே மோட்சம் போய்விடலாம்.

திரை தூக்கினார்கள். ராஜா பேசிக்கொண்டிருந்தார். மண்டியிட்ட ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடி, தன் கால் மணி நேரத்துக்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ராஜா கை தட்டினால்தான் ராசையா கத்தியை ஓங்க வேண்டும். ஆனால் முதல் தடவையாக அத்தனை ஜனத்தைப் பார்த்த ராசையாவுக்குப் படித்த பாடமெல்லாம் மறந்து, கண் தானாகத் தெரிந்த இடத்துக்குப் போய் நின்றது. அம்புரோஸின் கைக்கு.

திரைக்குப் பின்னாலிருந்து ரோசி, "கைய காட்டுய்யா! கைய!" என்று பல்லைக் கடித்தாள்.

ராணி கையை உயர்த்தினாள். உள்ளங்கை மேலே, விரல்கள் ஒயிலாக அசைந்தன. ராசையாவின் கத்தி மேலே ஏறியது.

"நகம் தெரியல! திருப்பு!" என்றது திரை.

நகம் தெரிய வேண்டுமென்றால் கையைக் கவிழ்க்கத்தானே வேண்டும்? ராணி கவிழ்த்தாள். சிவப்பு நகங்களை ஒவ்வொன்றாக லைட்டில் மினுக்கி ஆட்டினாள். கூட்டம் சிரிக்கவில்லை. 'ஆ' என்றது. அந்த 'ஆ'வில் அம்புரோஸ் சொக்கிப்போய் இன்னும் இரண்டு தடவை ஆட்டினான். ராசையாவின் கத்தி, வின்ச்சிலிருந்து பாரம் இறங்குகிற அதே நிதானத்தோடு, வாத்தியாரின் கழுத்தை நோக்கி இறங்கியது.

பாதி ஜனம் துறைமுகத்து ஜனம். அவர்களுக்குத்தான் முதலில் புரிந்தது.

"டேய், ஆரியா குடுத்துட்டான்டா! எறக்கறான்டா!"

அம்புரோஸ் திரும்பிப் பார்த்தான். முஷ்டியை இறுக்கி மூடினான். கத்திக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பச்சைமிளகாய் போகிற இடைவெளியில் ராசையா சிலையாக நின்றான். மூடிய வேகத்தில் வலது கை நகங்கள் படபடவென்று தெறித்தன. ஒன்று ராஜாவின் கிரீடத்தில் பட்டு உருண்டது. ஒன்று இன்னும் பிசுக்குக் காயாத சொல்யூஷனோடு பறந்து போய், வேதசாட்சியின் வெள்ளைத் தாடியில், மோவாய்க்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டது.

ராணிக்கு எழுதிய வசனம் தீர்ந்துவிட்டது. அம்புரோஸ் நாலு தெரு கேட்கிற பெண் குரலில் சொந்தமாக ஒன்றை எடுத்துவிட்டான்: "நில்! சாகிறவன் பேசட்டும்!"

ஸ்டானிஸ்லாஸ் கண்ணைத் திறந்தார். கழுத்தருகே கத்தி. எதிரே ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. இத்தனை வருடத்தில் அவர் பேசும்போது மைதானம் அமைதியாக இருந்ததே இல்லை. வேர்க்கடலை வாங்கப் போகிற நேரம் அது. அவர் பேசப் பேச, தாடியில் ஒட்டிய சிவப்பு நகம் லைட்டில் துடித்தது.

"ரத்தம்" என்றாள் முன்வரிசையில் ஒரு பெண். "கத்தி படவேயில்ல! ரத்தம் வந்துகினு கீது!"

பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் பீடியை அணைத்தார்கள். கோயில் சாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் இருப்பதே விசுவாசத்துக்கு நல்லது என்று முடிவு செய்தவர்போல அமர்ந்திருந்தார். தவசிமுத்துகூடத் தேம்பித் தேம்பி அழுதான்.

கால் மணி நேரம் அரை மணியானது. ராசையா கத்தியை அசைக்காமல் அப்படியே பிடித்திருந்தான். கடைசியில் வாத்தியார் தலை குனிந்தார். ராணி வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, நகம் பத்திரமாக இருந்த இடது கையை நீட்டிக் கவிழ்த்தாள். மைதானமே சேர்ந்து குரல் கொடுத்தது:

"மெள்ள... மெள்ள... ஆரியா!"

கைதட்டல் ஓய்ந்து ஜனம் கலைந்த பிறகு, மேடைக்குப் பின்னால் அம்புரோஸ் சவுரியைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வெறுங்கையாகிவிட்ட வலது கை மடியில் கிடந்தது. ரோசி பக்கத்தில் நின்றாள். ராசையா கத்தியோடு அப்போதே வீட்டுக்கு ஓடிவிட்டான்.

தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்தியார் வந்தார். அதிலிருந்து எதையோ பிய்த்து எடுத்து, அம்புரோஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். சிவப்பு நகம்.

"இது இன்னாடா?"

அம்புரோஸ் ரோசியைப் பார்த்தான். ரோசி கூரையைப் பார்த்தாள்.

"நகம், வாத்தியாரே. தெரியாம..."

"சாமியார் என் கையப் புடிச்சுகினு அயுதாருடா. இருவது வருசமா செத்துகினு கீறேன், ஒருத்தனும் அயுதது இல்ல." அவர் குரல் லேசாக உடைந்தது. சரி செய்துகொண்டார். "அடுத்த வருசம் நெத்திக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு வேணும். சரியாப் பாத்து அடிக்கணும், ஆமா."

"அப்போ தவசிமுத்து?"

"அவன் புடவை விரிக்கட்டும். ராணி நீதான்டா. ராசையாவ மட்டும் உன் கை தெரியாத எடத்துல நிக்கவெச்சுர்றேன்."

வாத்தியார் நகத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். அம்புரோஸ் இடது கையை நீட்டி ரோசியின் கன்னத்தைத் தொட்டான்.

"அய்ய, கீறுதுய்யா" என்றாள் அவள். முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.