ஹாரனுக்கு ஒரு பெயர்

கும்மிடிப்பூண்டியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது, இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நீலச் சட்டையோடு ஒருவர் வருவார். புருவத்தில் இரும்புத் தூசி இருக்கும். கார் ரேஸ் கேமில் ஓட்டுவதற்காக நம்மூர் லாரி ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் செய்த வண்டி எதை இணையத்திலிருந்து இறக்கினாலும், ஆடுவதற்கு முன் அதோடு வரும், செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை உதடசையப் படித்து முடிப்பார்.

லாரி தயாரானதும், யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றிக்கொள்ளட்டும் என்று மூலக் கோப்புகளையும் சேர்த்து இணையத்தில் ஏற்றினார். தினசரி கரண்ட் நிறுத்தும் நேரம் நெருங்கிவிட்டது. முக்கால்வாசி ஏறிய பிறகுதான், ஹாரன் சத்தத்தை செல்போனில் பதிந்து கொடுத்தது நான் என்பது அவருக்கு நினைவு வந்தது. பட்டியலில் உன் பெயர் இல்லையே என்று சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இன்னாண்ணா, ரெண்டு செகண்டு சத்தம். அதுக்குப் போயி பேரா?" என்றேன்.

"கல்யாணப் பத்திரிகைல பேர உட்டுப் பாரு, பங்காளி ஊட்டு வாசல மிதிக்கமாட்டான். உன் பேர சொல்லுப்பா, இனிஷியலோட."

லாரிக்கு அவர் எடுத்துப் போட்டிருந்த சக்கரத்தைச் செய்த போலந்துக்காரர் பெயருக்குக் கீழே என் பெயரையும் ஊரையும் அடித்தார். கரண்ட் போய்விட்டது. மறுநாள் அரைநாள் லீவு போட்டு வந்து முதலிலிருந்து ஏற்றினார்.

சில மாதங்களில் அவர் வருவது நின்றுபோனது. பிறகொரு நாள், அந்தக் கோப்புகளை வைத்து பிரேசிலில் யாரோ செய்த பஸ்ஸை இறக்கினேன். என் ஹாரன்தான் அடித்தது! பட்டியலில் என் பெயர், இனிஷியல், ஊர் எல்லாம் அப்படியே இருந்தன. கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"லாரி பண்ணவரு பேரு இன்னா?" என்று ஒருவர் கேட்டார்.

பட்டியலில் 'லாரிக்காரன்' என்றுதான் இருந்தது. நான் கேட்டதே இல்லை.