கவிழ்த்து வைத்த சீசா

சில வருடங்களுக்கு முன், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அது பொங்கல் விடுமுறை. ஹாஸ்டலில் நான் மட்டும்தான். சொந்த ஊரான ஆலங்குடி எட்டிப்பிடிக்கும் தூரம், ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. "லீவு முடியுறதுக்குள்ள டீசல் உறையலைன்னா தலைப்பை மாத்திடுவோம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் வழிகாட்டி. மூன்று வருட உழைப்பு.

தண்ணீரில் கொட்டிய டீசலை உறையவைத்து அள்ள உதவும் பொடி ஒன்றைச் செய்திருந்தேன். அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்து வலையாகவேண்டும். ஒவ்வொரு பிடியும் சோனி. நிறையச் சேர்ந்தால்தான் பலம்.

போகியன்று மிச்சமிருந்த கடைசிப் பொடியை டீசலில் போட்டுச் சூடாக்கி ஆறவைத்தேன். பொறுமை எனக்கு ஏது? ஐந்து நிமிடத்துக்கொரு தரம் சீசாவைச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணியாகவே ஓடியது. எரிச்சலில் மூடியை இறுகத் திருகி, கழுவிய சீசாக்கள் காயும் தட்டில் தலைகீழாக வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் ஹாஸ்டல் அறையில் சுருண்டு கிடந்தேன். வாய்திறந்து பேச ஆளில்லை.

நாலாம் நாள் ஆய்வகத்துக்குப் போனால் மேசை பளிச்சென்றிருந்தது. எல்லாவற்றையும் கழுவி அடுக்கியிருந்தார் துப்புரவு அக்கா. அலமாரி அலமாரியாகத் திறந்து தேடினேன்.

"இதையா தேடுறீங்க? கவுந்து கெடந்தா கழுவுனதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் தொடலை" என்று தட்டைக் காட்டினார்.

சீசாவை நிமிர்த்தினேன். டீசல் கீழே இறங்கவில்லை. மூடியோடு ஒட்டி மேலேயே நின்றது. உறைந்துவிட்டது. பிடி விழுவதற்குள் ஆட்டி ஆட்டி இத்தனை நாளும் அறுத்தது நானேதான்.

வழிகாட்டியின் போன் அணைந்திருந்தது. அம்மாவிடம் சொன்னால், "அதெல்லாம் இருக்கட்டும், சாப்பிட்டியா?" என்றார். சொல்ல ஆளில்லாமல் அக்காவிடமே நீட்டினேன். அவர் குலுக்கிப் பார்த்தார்.

"அட, விழ மாட்டேங்குதே. அழுவாதீங்க மேடம், நல்லதுதானே நடந்திருக்கு" என்று தன் டப்பாவிலிருந்த சர்க்கரைப் பொங்கலில் பாதியை எனக்கு வைத்தார். அந்த வருடம் நான் சாப்பிட்ட பொங்கல் அதுதான்.

பட்டம் வாங்கிவிட்டேன். ஆனால் மூன்று வருடம் ஒரே ஆய்வகத்தில் பழகிய அக்காவிடம் பேர் கேட்டது அன்றைக்குத்தான் என்பது இன்றும் உறுத்துகிறது. பிடிமானம் இல்லாமல் தனியாகக் கிடந்தது டீசல் மட்டுமில்லை, நானும்தான்.