அப்பா நட்ட சாதிக்காய் மரம்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரை உத்தமர், தியாகி என்றெல்லாம் எழுதினால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடொன்றில் அப்பா பிறந்தார். சுதந்திரம் வந்த சூட்டோடு வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலையை நாட்டின் சொத்தாக வைத்துக்கொண்டு, அதைப் பறித்தவர்களை அந்நியராக்கியது. பின்னர் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் ஒப்பந்தம் செய்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். பெரியப்பா குடும்பம் மாத்தளை ரயில் நிலையத்தில் கோச்சி ஏறிப் போனது. அப்பாவும் கடவுச்சீட்டு வாங்கி, தகரப்பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தார். யுத்தம் வந்தது, தலைமன்னார் கப்பல் நின்றது. பெட்டி கட்டியபடியே இருந்தது.

தோட்டத்து ஆபீஸில் எழுதுவினைஞராக இருந்த எனக்கு, எந்த விண்ணப்பம் எந்த மேசையில் உறங்கும் என்பது தெரியும். அதை எழுப்பும் வழிதான் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் ஒரு சாதிக்காய் மரம் வேண்டும், அதன் காயில் ஊறுகாய் போடவேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

“ஒரு கன்னு வைங்களேன். அச்சாறு போடலாம்.”

“நாளைக்குக் கப்பல் ஏறப் போறோம். யாரு திங்கிறதுக்கு?”

“உங்க நாளைக்கு எப்பங்க வரும்?”

துரைமாருக்காக மலை மலையாகக் கன்று நட்ட கை, தன் வாசலில் ஒன்றும் நடவில்லை. அம்மா கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் இன்னொரு சட்டம் வந்தது. சமாதான நீதவான் முன்னால் ஒரு கையொப்பம்; அப்பா இலங்கைப் பிரஜையானார். திரும்பும் வழியிலேயே இரத்தோட்டை டவுனில் சாதிக்காய்க் கன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

சாதிக்காய் பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆண் மரம் காய்க்காது. ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றினார். பூத்ததும் அவருடைய கூட்டாளி ஒருவர் வந்து பார்த்தார்.

“அண்ணே, ஆண் மரம். வெட்டிட்டு வேற வைங்க.”

“அதுக்கும் பிரஜாவுரிமை குடுத்தாச்சுப்பா. இனி வெளியேத்த முடியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை.

கடைசி மாதங்களில் கட்டிலை அந்த மரம் தெரியும் யன்னலோரம் போடச் சொன்னார். அங்கேயே கண்மூடினார். பிறந்ததற்கு ஆயுள் முழுக்க ஆதாரம் கேட்ட அரசாங்கம், இறந்ததை உடனே நம்பியது.

நோயில் கைகொடுத்தவர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், கோயில் கமிட்டியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துச் சிங்களப் பெண் சோமா அக்காவைத் தனியே சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாள் அவர் ஒரு போத்தல் சாதிக்காய் அச்சாறு கொண்டுவந்தார். என்னை அவர் சிங்களத்தில் ‘மல்லி’, தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

“மல்லி, ஒங்க அப்பாட மரம் பூக்கிறதாலதான் எங்க மரத்தில காய் புடிக்குது.”

படையலில் அம்மாவுக்கும் ஓர் இலை போட்டிருந்தோம். அச்சாற்றை அதில் முதலில் வைத்தோம்.