அடையாற்றுக் கல்லில் விட்டுப்போன வரி

வக்கீல் கோதண்டராமையர் சென்ற வெள்ளிக்கிழமை காலை லஸ்ஸில் தம் வீட்டில் காலமானார். ஈக்காட்டுத்தாங்கலில் என் கல் பட்டறைக்கு அவர் குமாஸ்தா சைக்கிளில் வந்து சொன்னார். மாலை வாங்கிக்கொண்டு போனேன், அழவில்லை. அஞ்சலி மலருக்கு எழுதக் கேட்ட கமிட்டி நண்பர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் புகழ வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. செத்துப்போனதால் மட்டும் ஒருவர் செய்தது சரியாகிவிடாது.

சயாமில் ரயில்பாதை போட்ட ஜப்பான் பட்டாளம், மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களை அள்ளிக்கொண்டு போய் வேலை வாங்கியே கொன்றது. என் அண்ணன் கன்னியப்பன் அதில் ஒருவன். யுத்தம் முடிந்து கப்பல்கள் திரும்பியபோது ஐயர் துறைமுகத்தில் வெயிலில் நின்று, பிழைத்து வந்தவர்களிடம் செத்தவர்களின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அண்ணன் செத்த சேதி அந்தத் தாளில்தான் எனக்குக் கிடைத்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

செத்தவர்களுக்கு நினைவுக்கல் நட அவர் கமிட்டி அமைத்தார். நான் கல் கொடுத்தேன். பெயர்களுக்கு மேலே, ‘சயாம் ரயில்பாதையில் ஜப்பான் பட்டாளம் கொன்ற நம்மவர்’ என்ற வரியை அந்தத் தாளிலேயே எழுதி என்னிடம் தந்தவரும் அவரே. உளி வைக்கப்போகும் சமயத்தில் பட்டறைக்கு வந்து, அந்த வரி வேண்டாம் என்றார். அரிசி பேச சயாமிலிருந்து தூதுக்குழு வருகிறதாம். அவர்கள்தான் கல்லுக்கு முதல் மாலை போடப்போகிறார்களாம்.

“ரேஷன்ல புழுத்த அரிசியைத் தின்னுண்டிருக்கோம், முனுசாமி. நடந்தது அவா தேசத்துல, அவா ஜப்பானோட சேர்ந்திருந்தப்போ. வந்தவா மூஞ்சியில அடிச்சாப்பல இருக்கப்படாது.”

“அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா, ஐயரே?”

“தெரியாது. ஆனா நம்மவாளே படிச்சுச் சொல்லிடுவா.”

“அப்போ பயம் நம்மாளுங்களைப் பாத்துத்தான்னு சொல்லு.”

“அரிசிக் கப்பல் வரட்டும். அப்புறம் வெட்டிக்கலாம். என் வாக்கு.”

ஒப்புக்கொண்டேன். என் வியாபாரத்தில் எழுதி வாங்காமல் விட்டது அந்த ஒன்றுதான். மேலே ஒரு முழம் வெறுமையாக விட்டு, அடையாற்றில் கல்லை நட்டோம்.

விழாவன்று தூதர் மாலை போட்டுத் தலை குனிந்தார். ஐயர் யுத்தத்தின் துயரத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசினார். செய்தவர் யார் என்பது மட்டும் வரவில்லை. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் என் அண்ணி, “நைனா, மேல மொட்டையா கீதே, அங்க இன்னா எழுதணும்?” என்று கேட்டாள். சொன்னேன்.

“சாவடிச்சவன் பேரை வுட்டுட்டு, பொணத்தை முன்னால வச்சிக்கினு அரிசி பேசறாரா உங்க வக்கீலு?”

குப்பத்துக் குரல், ஐயர் காதில் விழுந்தது. தரையைப் பார்த்தார். பிறகு பேச்சைத் தொடர்ந்தார்.

கப்பல் வந்தது. அந்த அரிசியை நானும் தின்றேன். வரியைக் கேட்டபோது, “இப்பதான் சிநேகம் துளிர்க்கறது, அவசரப்படாதே” என்றார். மறுவருஷம் கேட்டேன். “கல்லு எங்கயும் ஓடிடாது, முனுசாமி” என்று சிரித்தார். அண்ணி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

ஐயரின் பத்துகூட முடியவில்லை. கமிட்டிச் செயலாளர் பட்டறைக்கு வந்தார். மேலே சும்மா கிடக்கும் இடத்தில் ‘நிறுவியவர்’ என்று ஐயர் பெயரை வெட்டித் தரவேண்டுமாம். அந்த இடத்தில்! உளியை எடுத்து அவர் கையில் கொடுத்து, “நீங்களே வெட்டுங்க” என்றேன். பிறகு பெட்டியைத் திறந்து, துறைமுகத்தில் எழுதிய தாளைக் காட்டினேன். பெயர்களுக்கு மேலே அந்த வரி, ஐயரின் கையெழுத்திலேயே இருக்கிறது. செயலாளர் இரண்டு தரம் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஐயரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தாள் ஒன்றுதான். வேர்வை பட்டு ஊறிய மை. அந்த வெயிலில் நின்ற மனிதரை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

நேற்றுக் கமிட்டியோடு பேசி முடித்தது இது. மேலே அந்த வரி, ஓர் எழுத்தும் குறையாமல். எல்லாப் பெயர்களுக்கும் கீழே, கடைசியில், ஐயர் பெயர். வரியை வெட்டி, அண்ணிக்குப் படித்துக் காட்டிய பிறகே அவர் பெயருக்கு உளி எடுப்பேன். எந்த நாட்டுத் தூதர் வந்தாலும் கல்லை மூடக்கூடாது. கூலி வேண்டாம். இந்த முறை எழுதி வாங்கியிருக்கிறேன்.