ஓரகத்திக்கு வைத்த வெந்நீர்

என் தலைப்பிரசவத்தில், கத்தினேன் என்று மருத்துவச்சி என்னைத் தொடையில் அறைந்தாள். இரண்டு மாதம் கழித்து என் ஓரகத்தி கங்காவுக்கு வலி கண்டதும், திருத்தணியிலிருந்து நர்சம்மாவை வண்டி கட்டி அழைத்து வந்தார்கள்.

"தொட்டுப் பாக்கட்டுமாம்மா? வலிச்சா நல்லா கத்துங்க, ஒண்ணும் தப்பில்ல" என்றார் அவர். எனக்கு வயிறு எரிந்தது. வெந்நீர் கேட்டார். வேண்டுமென்றே அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

"புள்ள பொறந்தும் ரத்தம் நிக்கலடி, இன்னா பண்ணிகினு கீற?" என்று மாமியார் அலறினார். அடுப்பில் சுள்ளியைத் திணித்து வெந்நீர் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நல்லவேளை, கங்கா பிழைத்தாள்.

மூலையில் அழுதுகொண்டிருந்த என்னிடம் நர்சம்மா, "உங்களுக்கு எப்படிம்மா பொறந்துச்சு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை.

கங்கா மேல் இன்னமும் கொஞ்சம் பொறாமைதான். ஆனால், பிள்ளை பெற்ற எவளைப் பார்க்கப் போனாலும், குழந்தையைத் தூக்குமுன் இப்போது அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.